ஒன்பதே முக்கால் மணிப் பூட்டு

திண்டுக்கல்லில் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினேழு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்தினேன். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது, ஒரு பதிவேட்டில் பொய்த் தகவல் புகுந்தால் கணினி அதைத் தானாகக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வி. அந்த ஆய்வை மொத்தம் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியாது. படித்தவர்களில் ஒருவர் சென்னையில் பள்ளிக் கல்வி தொடர்பான ஒரு குழுவில் இருந்தார். ஒருநாள் போன் செய்து, “எங்ககிட்ட பொய் நிறைய இருக்கு மேடம், வந்து பாருங்க” என்றார்.

போய்ப் பார்த்தேன். மேசை மேல் வருகைப் பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரப்பியவை. விடுமுறை நாளில்கூடப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆசையும் வந்தது. கணினி படித்தவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? கல்லூரியில் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு குழுவில் சேர்ந்தேன்.

ஆசிரியர்கள் போனிலேயே வருகையைப் பதிவு செய்ய ஒரு செயலி உருவாக்கினோம். அதில் ஒரு பூட்டு வைத்தது நான். காலை ஒன்பதே முக்கால் மணிக்கு அன்றைய பக்கம் மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு யாராலும் எதையும் மாற்ற முடியாது. கூட்டத்தில் ஒருவர், “பத்து நிமிஷம் லேட்டா வர்ற பிள்ளைங்களுக்கு?” என்று கேட்டார். “லேட்டா வரக் கூடாதுன்னு சொல்றதுக்குத்தானே சார் பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறாங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்தார். அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது.

அடுத்த வருடம் அந்த வருகைப் பதிவை வைத்து இன்னொரு நிரல் எழுதினேன். எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தப் போகிறது என்பதை அது முன்கூட்டியே சொல்லும். சொன்னதும் பெற்றோர் போனுக்குத் தானாக ஒரு செய்தி போகும். ‘தங்கள் பிள்ளை தொடர்ந்து பள்ளிக்கு வருவதில்லை. இந்நிலை நீடித்தால் பள்ளிப் பதிவிலிருந்து பெயர் நீக்கப்படலாம்.’ அந்தத் தமிழும் என்னுடையதுதான். நல்ல தெளிவாக வந்திருப்பதாக அப்போது நினைத்தேன்.

முதல் செய்திகள் போய் இரண்டு வாரம் ஆனபோது எங்கள் மாவட்டத்துப் பட்டியல் என் கைக்கு வந்தது. செம்பட்டிக்கும் சித்தையன்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சிறு நடுநிலைப் பள்ளியில் மட்டும் ஏழு பெயர்கள் இருந்தன. சுற்றியுள்ள பள்ளிகளில் ஒன்று, இரண்டு, அல்லது ஒன்றுமில்லை. இங்கே மட்டும் ஏன் ஏழு? சென்னையில் இருந்திருந்தால் ஒரு கடிதம் போட்டுக் கேட்டிருப்பேன். வீடு திண்டுக்கல்லில் இருந்ததால் மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

தலைமை ஆசிரியைக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் யாரென்று சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார்.

“அந்த ஆப்புல பூட்டுப் போட்டது நீங்கதானா?”

குழு எடுத்த முடிவு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “நான்தான்” என்றேன்.

“நல்லதாப் போச்சு. யாரத் திட்டுறதுன்னு தெரியாம ஒரு வருசமா இருந்தேன். உக்காருங்க மேடம், காப்பி சொல்றேன்.”

திட்டவில்லை. பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை வகுப்புகளுக்கு அழைத்துப் போனார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஆறு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் விரல் நுனியில் பச்சைக் கறை. ஒரு பையன் தலை இன்னும் ஈரமாக இருந்தது.

“இவங்க எல்லாம் தினமும் வர்ற பிள்ளைங்க. வீட்டுல மல்லிகைத் தோட்டம். மொட்டு விரியுறதுக்கு முந்தி எடுத்து மார்க்கெட்டு வண்டில ஏத்தணும். வீட்டுல அம்புட்டுப் பேரும் எறங்குவாங்க. அப்புறம் குளிச்சு, சாப்பிட்டு, ஓடியாரதுக்கு ஒம்பது அம்பது ஆயிரும். உங்க பூட்டு அஞ்சு நிமிசத்துக்கு முன்னாடியே விழுந்துரும்.”

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். நீல மையில் தேதி வாரியாக, ஒவ்வொரு பிள்ளையும் வந்த நேரம். 9.48. 9.52. 9.50. வருடம் முழுவதும் இருந்தது. யாரும் கேட்காத அந்தக் கணக்கை அவர் தானாக எழுதி வைத்திருந்தார். என் ஆய்வில் நான் தேடிய உண்மையான பதிவேடு அதுதான். அதைக் கண்டுபிடிக்க என் நிரலுக்கு வழியில்லை.

“ஏழாவது பேர்?” என்று கேட்டேன்.

“அது நின்னுருச்சு மேடம். எட்டாவது படிச்ச பொண்ணு. கணக்குல கெட்டி. உங்க மெசேஜ் போன மூணாம் நாளுல இருந்து வரல.”

எனக்குப் புரியச் சற்று நேரமானது. நிரல் ஏழு பேர் நிற்பார்கள் என்றது. ஆறு பேர் விஷயத்தில் தவறு. ஏழாவது சரி. அறிக்கையில் அந்தப் பெண், சரியான கணிப்பு என்ற வரிசையில் ஏறுவாள். அவள் நின்றதோ அந்தக் கணிப்பால்.

பள்ளி விட்டதும் தலைமை ஆசிரியை என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். வாய்க்கால் ஓரமாகக் கால் மணி நேர நடை. மல்லிகைச் செடிகளுக்கு நடுவே அந்தப் பெண்ணின் அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு டீச்சரிடம், “இன்னைக்கும் அதே பேச்சா டீச்சர்?” என்றார். டீச்சர் இதற்குள் நான்கு முறை வந்திருக்கிறார்.

படிப்பு தெரியாதவர்கள் பயந்துவிட்டார்கள், விளக்கிச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்துப் போயிருந்தேன். பயம் அங்கே இல்லை, கோபம் இருந்தது.

“தெனமும் அனுப்புறேன். பூ எடுத்துட்டு ஒரு வாயி சாப்பிட்டும் சாப்பிடாமயும் ஓடுது. அந்தப் புள்ளயப் போயி வரலைன்னு போன்ல போட்டா என்ன அர்த்தம்? நான் அனுப்பலைன்னு சொல்றாங்களா, இல்ல எம்புள்ள வேற எங்கயோ சுத்துதுன்னு சொல்றாங்களா? அவுக அப்பா கேட்ட கேள்வி எனக்குத்தான் தெரியும். வந்த புள்ளய வரலைன்னு எழுதுற எடத்துக்கு எதுக்கு அனுப்பணும்?”

“அத எழுதுனது நான்தாங்க” என்றேன். “டீச்சர் இல்ல, இந்தப் பள்ளிக்கூடமும் இல்ல. நான் செஞ்ச தப்பு.”

அவர் கையிலிருந்த களையை வரப்பில் போட்டார். மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்த மகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயால் சொன்னது போதாது என்று தோன்றியது. அவளிடம் ஒரு நோட்டு வாங்கி, பிள்ளை எல்லா நாளும் பள்ளிக்கு வந்தாள், வரவில்லை என்று அனுப்பிய செய்தி தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மகள் அதை வாசித்துக் காட்டினாள்.

“இது நீங்க எழுதுனது” என்றார் அம்மா. “அது சர்க்காருல இருந்து வந்துச்சு. சரி, புள்ள படிப்ப இதுக்காகக் கெடுக்க மாட்டேன், நாளைக்கே அனுப்புறேன். ஆனா போன்ல வந்தது தப்புன்னா, தப்புன்னு அதே போன்ல வரணும். வருமா?”

வரும் என்றேன். அப்படி ஒரு செய்தியை அனுப்ப எங்கள் செயலியில் இடமே இல்லை என்பதை நினைக்காமல்தான் சொன்னேன்.

மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்குப் போனாள். ஒன்பது நாள் வீட்டில் இருந்திருக்கிறாள்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு மாற்றங்கள் கேட்டேன். தாமதமாக வந்தவர்களுக்குத் தனிக் குறி வேண்டும் என்பது முதலாவது. ஆசிரியர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தலாம் என்று சிலர் தயங்கினார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். தவறான செய்தி போயிருந்தால் அதே எண்ணுக்குத் திருத்தச் செய்தி போக வேண்டும் என்பது இரண்டாவது. எல்லோரும் குழுத் தலைவரைப் பார்த்தார்கள்.

குழுத் தலைவர் நல்ல மனிதர், நிதானமானவர். “தப்புப் பண்ணிட்டோம்னு நாமளே மெசேஜ் அனுப்புனா, நாளைக்கு எல்லாரும் எல்லாத்துக்கும் கேப்பாங்க மேடம்” என்றார். அன்று தோற்றுப் போய் ரயிலில் திரும்பினேன். திண்டுக்கல்லில் இறங்கும்போதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு நீல மை நோட்டைக் கையோடு கொண்டு போனேன். தலைமை ஆசிரியை அதைக் கொடுக்க யோசித்தார். தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். குழுத் தலைவர் முன்னால் நோட்டையும் எங்கள் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் பத்து நிமிடம் புரட்டினார்.

“இந்தப் பொண்ணு இப்ப வருதா?”

“வருது சார்.”

“அப்ப நம்ம கணிப்பு தப்புதானே? அறிக்கையில சரின்னு இருக்கே?”

“அது வீட்ல இருந்த ஒன்பது நாளும் நம்ம கணிப்பு சரிதான் சார். நாம மெசேஜ் அனுப்புனதாலதான் அது சரியாச்சு. அனுப்பலைன்னா தப்பாயிருக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்படி இன்னும் எத்தன இருக்கும்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. நீல மையில் எழுதி வைக்கிற தலைமை ஆசிரியை எல்லாப் பள்ளியிலும் இல்லை.

அதன் பிறகு வேலை நகர்ந்தது. ஆனால் இரண்டு வரிச் செய்திக்கு நான்கு மாதம் ஆனது. தவறு என்று போடலாமா, திருத்தம் என்று போடலாமா என்பதற்கே மூன்று கூட்டம். திருத்தம் என்றால் யார் பக்கம் பிழை என்று தெரியாது, தவறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில், நான் சேர்த்திருந்த ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லை நீக்கினால் ‘தவறு’ என்ற சொல் இருக்கலாம் என்றார்கள். ஒத்துக்கொண்டேன். இன்னொரு கூட்டம் பேசியிருந்தால் அதுவும் கிடைத்திருக்குமோ என்னவோ. எனக்கு அலுத்துவிட்டது. அந்த அலுப்பைப் பற்றி இப்போதும் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு.

அந்த மாதங்களில் தலைமை ஆசிரியையோடு போனில் பேசும்போதெல்லாம் முடிவில் ஒரு வாக்கியம் வரும். “அந்தம்மா கேட்டுச்சு மேடம், இன்னும் வரலையான்னு.”

செய்தி போனபோது அந்தப் பெண் எட்டாவது முடித்து, பஸ்ஸில் போய்ப் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்திருந்தாள். ஒரு மதியம், கல்லூரியில் வகுப்பு முடித்து வந்து உட்கார்ந்ததும் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“வந்துருச்சு” என்றார் அந்த அம்மா. பெயர்கூடச் சொல்லவில்லை.

“படிச்சீங்களா?”

“பாப்பா வாசிச்சுச்சு. அப்புறம் நானும் எழுத்துக்கூட்டி வாசிச்சேன். ‘தங்கள் மகள் பள்ளிக்கு வந்திருந்தார். முன்பு அனுப்பிய தகவல் தவறு.’ வந்திருந்தார்னு மரியாதயாப் போட்ருக்கீங்க.” சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். “வீட்டுக்காரருக்கும் காட்டிட்டேன்க்கா. செத்த நேரம் போனக் கையிலயே வச்சிருந்தாரு.”

மேடம் எப்போது அக்காவானேன் என்று தெரியவில்லை. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“இன்னொன்னு கேக்கணும். சின்னவனுக்கு ஆதார்ல பொறந்த தேதிய யாரோ மாத்தி அடிச்சுட்டாங்க. மே மாசம் பொறந்தவன மார்ச்சுன்னு போட்ருக்கு. அதுக்கும் உங்க கம்ப்யூட்டர்ல ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்களேன்.”

அது வேறு இடத்துக் கணினி, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். “அப்ப யாரக் கேக்கணும்?” என்றார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். தன் மகனின் பிறந்த தேதியைத் திருத்த ஒரு தாய் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, பிறகு நானே திரும்பக் கூப்பிட்டு, “தாலுகா ஆபீசுக்குத்தான் போகணுமாம். வியாழக்கிழம எனக்கு வகுப்பு இல்ல, நானும் வாரேன்” என்றேன்.

வியாழக்கிழமை தாலுகா அலுவலக வாசலில் சந்தித்தோம். வேப்பமரத்தடி பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் எதைத் திருத்த வந்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டுக் கேட்டு என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவருக்கு இனிஷியல். ஒருவருக்குத் தெருப் பெயர். ஒரு பாட்டிக்குத் தான் உயிரோடு இருப்பதாக எழுத வேண்டும். நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தேன்.

“எதுக்குக்கா எழுதுறீங்க?”

“அடுத்த மாசம் சென்னைல கூட்டம் இருக்கு.”

மணி ஒன்றானதும் தூக்குவாளியைத் திறந்தார். புளிச்சோறு, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய். எழுதினது போதும், சாப்பிடுங்க என்று எனக்கு மூடியில் வைத்துக் கொடுத்தார். எங்கள் டோக்கனுக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருந்தார்கள்.