காலி என்று எழுதப்பட்ட வீடு

முப்பத்திரண்டு வருடங்களாக அவர் ஊருக்குப் பல் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார். கடைத்தெருவின் பின்புறம் இரண்டே ஜன்னல் உள்ள பட்டறையில் இவர் உட்கார்ந்து, அந்த அளவில் ப்ளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வளைத்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்துவார். தன் வேலை யார் வாயில் இருக்கிறது என்று வெளியே தெரிந்துவிட்டால் அது தோற்ற வேலை என்பது அவர் கணக்கு. ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு அவர் கைவேலை. ஆனாலும் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் பல்லக்கா என்பார்கள்.

பண்ணை வீடு அவரிடம் வந்ததும் ஒரு பல்செட்டால்தான். படையில் இருபது வருடம் ஸ்டோர் கிளார்க்காக இருந்து போர்வையும் பூட்ஸும் எண்ணிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். ஊர் அவரைக் கேப்டன் ஆக்கியிருந்தது; அவரும் மறுக்கவில்லை. மேல்வரிசை கடிக்கிறது என்று சொல்ல நேராகப் பட்டறைக்கே வந்தவர், மேஜை மேல் வரிசையாக இருந்த ப்ளாஸ்டர் தாடைகளைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

"அக்கா, இவ்வளவு நுணுக்கமா பல்லு செய்யற கை ஒரு வீடு செய்யாதா?"

"யார் குடியிருக்க?"

"யாரும் இல்ல. போர்ல இடிஞ்ச வீடு."

கேப்டனும் நண்பர்களும் சேர்ந்து, அறுபத்தோரு வருடங்களுக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் நடந்த சண்டையை ஒரு பெரிய பலகை மேல் அப்படியே சின்னதாக அமைத்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. ஆள் என்றால் கட்டைவிரல் உயரம். ஆறு, பாலம், டாங்கிகள் எல்லாம் தயார். நடுவில் இருந்த பண்ணை வீட்டைத்தான் யாராலும் செய்ய முடியவில்லை. அட்டையில் செய்து பார்த்தார்கள்; மிட்டாய்ப் பெட்டி மாதிரி இருந்தது. நான்கு மாதத்தில் நகர மண்டபத்தில் கண்காட்சி. கேப்டன் ஒரு போட்டோவின் நகலை நீட்டினார். சண்டை முடிந்த அன்று யாரோ ஒரு சிப்பாய் எடுத்தது. கல் சுவர், ஓட்டுக்கூரை, வலது மூலை மட்டும் வாய் பிளந்தது போலப் பெயர்ந்து கிடந்தது.

பல்லக்கா நகலைக் கையில் வாங்கி, இடிந்த மூலையையே பார்த்தார். உடைந்த பல்லை அவர் பார்க்கும் பார்வை அது.

"செய்யறேன். ஆனா அவசரப்படுத்தக் கூடாது" என்றார்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை போயிற்று. லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிடப் பழகினார். "லிஃப்ட்டுக்குள்ள நின்னு நின்னு எனக்கு இது பழக்கம்தான்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அவருடைய அக்கா, பல்லக்காவின் நாத்தனார், அந்த வீட்டிலேயே இருந்தார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். பேச்சு எண்ணி வைத்ததுதான். பல்லக்கா அவரை அண்ணி என்பார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அண்ணிக்கும் பல்லக்காவுக்கும் சண்டை வந்ததில்லை, நெருக்கமும் வந்ததில்லை.

பல்லக்கா தனக்குத் தெரிந்த வழியிலேயே போனார். சுவரை மெழுகில் செய்து, கல் கல்லாகக் கீறி, பல் அளவெடுக்கும் பசையில் அச்செடுத்து, தாடை செய்யும் மஞ்சள் ப்ளாஸ்டரை ஊற்றினார். முதல் சுவர் காயும்போதே வெடித்தது. இரண்டாவது வளைந்தது. மூன்றாவது நின்றது. ஓடுகளை மருந்து அட்டையில் வெட்டினார்; ஒவ்வொன்றும் நகத்தில் பாதி. சுவருக்குத் தேயிலைச் சாயமும் அடுப்புக்கரியும் பூசினார். மூன்று மாதத்தில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், வீட்டின் முன்பக்கம் மேஜை மேல் எழுந்து நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி தேநீர் டம்ளரோடு அந்தப் பக்கம் வந்தவர் நின்றார்.

"வாசப்படி மூணு இல்ல. நாலு" என்றார்.

பல்லக்கா போட்டோவைப் பார்த்தார். மூன்று படிகள்தான் தெரிந்தன. அதற்குக் கீழே இடிபாடு குவிந்து கிடந்தது.

"போட்டோல மூணுதான் இருக்கு, அண்ணி."

"நாலாவது கல்லு கீழ இருக்கு. ஓரம் உடைஞ்சிருக்கும். அதுல தடுக்கித்தான் எனக்கு முட்டி பேந்துச்சு." சொல்லிவிட்டு அண்ணி தன் அறைக்குப் போய்விட்டார்.

பல்லக்கா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார். பின்னாலேயே போய்க் கதவைத் தட்டலாமா என்று யோசித்தார். தட்டவில்லை. அன்று மாலைக்குள் முன்சுவரை அடியில் இருந்து உடைத்து எடுத்தார். மூன்று வாரத்து வேலை. மறுவாரம் நான்கு படிகளோடு புதிய சுவர் நின்றது; நான்காவது படியின் ஓரம் உடைந்திருந்தது. அதை மேஜை விளிம்புக்கு நகர்த்தி, அண்ணி நடக்கும் வழியில் வைத்தார்.

அண்ணி பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இடது பக்கம் ஒரு நிலவறை உண்டு. உருளைக்கிழங்கு போட்டு வைப்போம். கதவு தரையோட தரையா இருக்கும்" என்று ஆரம்பித்தார்.

அன்று காலை அவர் சொன்னது இதுதான். எல்லாரும் வெளியேற வேண்டும் என்று படையின் உத்தரவு வந்தபோது, அவருடைய அம்மாவுக்குக் குழந்தை பிறந்து எட்டு நாள். அப்பா ஊரில் இல்லை. அம்மா எழுந்து நடக்க முடியாத நிலை. அண்ணிக்கு வயது ஏழு. அப்பாவின் தங்கை, பதினேழு வயது அத்தை, அம்மாவைக் காட்டி, "என் அண்ணியை விட்டுட்டு நான் எங்கயும் போகமாட்டேன்" என்று தங்கிவிட்டார். மூன்று நாள் நிலவறையிலேயே இருந்தார்கள். நான்காம் நாள் காலை சத்தம் அடங்கியது போலிருந்தது. அத்தை மேலே போய்க் குழந்தையின் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, வெந்நீர் வைக்கச் சமையலறைக்குள் போனார். சமையலறை வலது மூலையில் இருந்தது.

"அம்மா என்னை மேல விடல. சாயங்காலம் சிப்பாய்ங்க கதவைத் தூக்கினப்பதான் வெளிய வந்தோம்." அண்ணியின் குரல் மாறவில்லை. "அப்புறம் அம்மா மனு எழுதிப் போட்டாங்க, அத்தை சாவைப் பதியணும்னு. திரும்பி வந்துடுச்சு. அந்த வீடு காலியா இருந்துச்சு, அங்க யாரும் சாக வழியில்லன்னு."

சுவரோரம் தட்டோடு நின்ற கணவர் மெல்லுவதை நிறுத்திவிட்டிருந்தார். போரின்போது ஒரு பண்ணை வீட்டில் பிறந்தோம் என்று அவருக்குத் தெரியும். எந்த வீடு, யார் இருந்தார்கள் என்பதை யாரும் சொன்னதில்லை.

"அக்கா, அந்தக் குழந்தை..."

"நீதான். வேற யாரு?"

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, மேஜை மேல் இருந்த இடது பக்கச் சுவரைத் தொட்டார். பல்லக்கா எதையும் தொடவிடாதவர். அன்று சுவரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

மறுநாளே பல்லக்கா கேப்டனிடம் போனார். வீட்டின் முன் வைப்பதற்கான விளக்கப் பலகை ஏற்கெனவே தயாராக இருந்தது. "எதிரிகள் பதுங்கிய காலி வீடு. இரண்டு குண்டுகளில் தகர்க்கப்பட்டது" என்று எழுதியிருந்தது.

"காலின்னு போடாதீங்க. ஆள் இருந்தாங்க. ஒரு பொண்ணு செத்திருக்கா."

கேப்டன் முழுவதும் கேட்டார். பிறகு தலையை அசைத்தார். "ரெஜிமெண்ட் டைரியில காலின்னுதான் இருக்கு. நாங்க அதை வெச்சுத்தான் எழுதியிருக்கோம். அந்தச் சண்டையில இருந்தவங்க நாலு பேர் இன்னும் உயிரோட இருக்காங்க, விழாவுக்கு வர்றாங்க. அவங்க மூஞ்சிக்கு முன்னாடி, நீங்க ஒரு பொண்ணைக் கொன்னீங்கன்னு எழுதி வைக்கச் சொல்றீங்களா? ஒரு கிழவியோட ஞாபகத்தை நம்பி?"

"அந்தக் கிழவி என் அண்ணி."

"தப்பா எடுத்துக்காதீங்க. ஆதாரம் வேணும்ல?"

"சரி. ஆதாரம் கொண்டு வர்றேன். அது வரைக்கும் வீடு என் வீட்டுலயே இருக்கட்டும்."

"கண்காட்சிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. பலகையில நடுவுல பள்ளமா இருக்கே."

"பள்ளமாவே இருக்கட்டும். காலி வீடுதானே" என்றார் பல்லக்கா.

அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனது ஒன்றே ஒன்றுதான்: போட்டோவின் நகல் அல்ல, அசல். பட்டறையில் மதிய உணவு நேரத்தில், பல்லின் விரிசல் பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, விளக்கைச் சரித்து, இடது ஓரத்தில் இருந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. நகலில் இடது ஓரம் வெறும் வெள்ளைக் கறையாக இருந்தது. அசலிலும் கறைதான், ஆனால் கறைக்குள் கோடுகள் இருந்தன. மூன்றாம் நாள் விளக்கை எதிர்ப்பக்கம் சரித்தபோது கோடுகள் பிரிந்தன. வீட்டுக்குப் பின்னால் ஒரு கயிறு. கயிற்றில் சதுரம் சதுரமாக, ஒரே அளவில், ஒன்பது துணிகள்.

பல்லக்கா கண்ணாடியைக் கழற்றி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பட்டறை முதலாளி வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "நல்லா இருக்கேன்" என்று சொல்லி, அரை நாள் லீவு கேட்டார்.

கேப்டனின் மேஜையில் போட்டோவையும் கண்ணாடியையும் வைத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று ஊசிமுனையால் காட்டினார். கேப்டன் குனிந்தார்.

"துணி காயுது. சிப்பாய்ங்க துவைச்சுப் போட்டிருக்கலாமே?"

"நீங்க இருபது வருஷம் துணி எண்ணிக் கொடுத்தவர். சட்டையா அது? போர்வையா? கால்ல சுத்தற துணியா? பக்கத்துல ஜன்னல் இருக்கு பாருங்க, அதை வெச்சு அளவு எடுத்தேன். ஒண்ணொண்ணும் ஒண்ணரை அடிச் சதுரம். உங்க ஸ்டோர்ல இது எந்தப் பேருல இருக்கும்?"

கேப்டன் மறுபடியும் குனிந்தார். நிமிர்ந்தபோது, கண்ணாடி அழுத்திய தடம் அவர் கண்ணைச் சுற்றி வட்டமாக இருந்தது.

"எங்க ஸ்டோர்ல இது கிடையாது" என்றார். "எனக்கு நாலு பிள்ளைங்க. இது என்னன்னு எனக்குத் தெரியும்."

பிறகு அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். அந்த நான்கு பழைய சிப்பாய்களுக்கும் அவரே போன் செய்தார். மூவர், எழுதுவதை எழுதுங்கள் என்றார்கள். ஒருவர் போனை வைத்துவிட்டார், விழாவுக்கும் வரவில்லை.

மிச்சம் இருந்த இரண்டு வாரத்தில் பல்லக்கா பின்பக்கத்தைச் செய்தார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினார். கிணறு அங்கே இல்லை, இங்கே. கதவு பச்சை, ஆனால் வெளுத்த பச்சை. ஒன்பது துணிகளையும் மெல்லிய காகிதத்தில் வெட்டி, நீர்த்த பசையில் நனைத்து, நூலில் போட்டுக் காற்றில் ஆடுவது போல வளைத்தார்.

"அறுபது வயசுக்கு மேல என் மூத்திரத்துணியை ஊர் முழுக்கப் பார்க்கப் போகுது" என்றார் கணவர்.

"துவைச்சதுதான், பயப்படாதே" என்றார் அண்ணி. அந்த மேஜையில் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

சமையலறைக்கு வந்தபோது பல்லக்கா கேட்டார். "அத்தையைச் செய்யவா, அண்ணி? கட்டைவிரல் உயரம். எப்படி இருப்பாங்கன்னு நீங்க சொன்னா செய்துடுவேன்."

அண்ணி இடிந்த மூலைப் பக்கம் குனிந்து பார்த்தார். "வேண்டாம். அவளைப் போய்ச் சண்டை நடுவுல எதுக்கு நிறுத்தணும்? அடுப்புல பானையை மட்டும் வை."

பல்லக்கா பானையை வைத்தார். இடிந்த மூலை வழியாகக் குனிந்து பார்த்தால் மட்டுமே அது தெரியும்.

கண்காட்சி பத்து நாள் நடந்தது. புதிய பலகையில், "இந்த வீட்டில் அன்று ஒரு தாயும் இரு குழந்தைகளும் இருந்தார்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி சமையலறையில் இறந்தாள்" என்று இருந்தது. டாங்கிகளைப் பார்க்க வந்தவர்கள் கொடிக்கயிற்றின் முன் நின்றார்கள். பழைய சிப்பாய் ஒருவர் அண்ணியின் எதிரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கண்காட்சி முடிந்த திங்கட்கிழமை, பல்லக்கா மறுபடியும் லீவு போட்டார். போட்டோவைப் பெரிதாக்கிய பிரதி, கேப்டன் கையெழுத்திட்ட கடிதம், மூன்று சிப்பாய்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு, அண்ணியை அழைத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் இவ்வளவு தாமதமான பதிவைப் பார்த்ததில்லை. மேலதிகாரியிடம் போனார், வந்தார், மறுபடி போனார். இது முடியாது என்று ஒரு தடவை சொன்னார். "முடியற வரைக்கும் நாங்க உட்கார்ந்திருக்கோம்" என்று பல்லக்கா அண்ணியோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் ஐந்தாவது தடவை உள்ளே போய் வந்தபோது கையில் படிவம் இருந்தது.

அந்தப் பெண் பேனாவை எடுத்தார். பெயரைக் கேட்டார். அண்ணி எழுத்துக் கூட்டிச் சொன்னார். வயது கேட்டார். "பதினேழு" என்றார்.

"இறந்த இடம்?"

"வீடு" என்றார் அண்ணி. "எங்க வீடு."

அந்தப் பெண் எழுதிக்கொண்டார்.