எட்டுக் குதிரைவலு

அருமைநாயகம் அண்ணை சுற்றுலாக்காரரைப் படகில் ஏற்றி, கண்டல் காட்டுக்குள் பறவை காட்டிப் பிழைப்பவர். பாதுகாக்கப்பட்ட நீரேரியில் எட்டுக் குதிரைவலுவுக்கு மேல் எஞ்சின் கூடாது என்று பலகை நட்டார்கள். அன்றே தன் பதினைந்தைக் கழற்றிவிட்டு எட்டைப் பூட்டினார். மாவட்டத்திலேயே அந்தப் பலகையை முழுதாக வாசித்த ஒரே மனிதர் அவர்தான்.

பறவைகளை எண்ண, பலகை நட்ட திணைக்களத்தின் அதிகாரி வந்தார், நாற்பது குதிரைவலுப் படகில், நீரேரியே அதிர.

"பறவையள் எங்கை காணும்?" என்று அண்ணையைக் கேட்டார்.

"நீங்கள் வந்த சத்தத்திலை இப்பதான் எழும்பிப் பறந்திட்டுதுகள், ஐயா."

அதிகாரி எழுதினார்: 'பறவைகள் இல்லை. காரணம் படகோட்டிகள். வரம்பை ஐந்தாகக் குறைக்கவும்.'

அண்ணை இப்போது ஐந்தில் ஊர்கிறார். அதிகாரிக்கு அறுபது குதிரைவலு எஞ்சின் வருகிறதாம். ஐந்தில் போகிறவரைத் துரத்திப் பிடிக்க நாற்பது போதாதாம்.