சகலை பதித்த ஸ்டீல் பட்டை

வெல்டருக்கு வயிறு எரிந்தது. முப்பது வருஷமாக இரும்போடு மாரடிப்பவர் அவர். இரண்டு கையிலும் நெருப்புப்பொறி சுட்ட தழும்புகள். தெருவில் பாதி வீட்டு கேட் அவர் செய்ததுதான். அப்படியிருக்க, சரிவில் கீழ்வீட்டுக்காரனான சகலை, ஊசியும் நூலுமாகக் காலம் தள்ளும் தையல்காரன், தன் தோட்டத்தில் சாண் அகல ஸ்டீல் பட்டைகளைக் குறுக்கே வரிசையாகப் பதித்து, மழையில் ஒரு பிடி மண் கரையாமல் நிறுத்திவிட்டான். போகிறவர் வருகிறவரெல்லாம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். பொறுக்குமா மனுஷனுக்கு?

வெல்டரின் தோட்டத்தையோ மழைக்கு மழை தண்ணீர் வழித்துக்கொண்டு போனது. மனைவி ஆசையாக வளர்த்த எலுமிச்சை மரத்துக்கு வேர் வெளியே வந்துவிட்டது. இன்னொரு பெருமழை வந்தால் மரம் சாய்ந்துவிடும்.

"என் தங்கச்சி வீட்டுக்காரரைக் கூப்பிட்டா அரை நாள்ல முடிச்சிடுவாருங்க," என்றாள் மனைவி.

"துணி தைக்கிறவன் எனக்கு இரும்பு வேலை சொல்லித் தரணுமா? நான் செத்தப்புறம் கூப்பிடு."

மறுநாளே பட்டறையிலிருந்து பட்டைகள் வந்து இறங்கின. சகலையுடையதைவிடத் தடிமன், கண் கூசும் பாலிஷ். அவர் பதிப்பதைப் பார்க்க சகலை மேலே ஏறி வந்தான்.

"அண்ணே, முக்கால்வாசி மண்ணுக்குள்ள போகணும். வெளிய ரெண்டு விரல் தெரிஞ்சா போதும். இல்லேன்னா தண்ணி அடியில நுழைஞ்சிடும்."

"முக்கால்வாசியைப் பொதைச்சிட்டா, அப்புறம் பாலிஷ் எதுக்குத் தம்பி? எவன் பார்ப்பான்?"

கேட் செய்தே பழகிய புத்தி. பட்டையில் இரண்டு விரல் அளவை மட்டும் மண்ணில் ஊன்றி, மிச்சத்தையெல்லாம் தெருவுக்குக் காட்டினார். கீழே சகலையின் பட்டைகள் துருவேறிக் கிடக்க, இவருடையவை வெயிலில் தகதகத்தன. நாலு நாள் அவருக்குச் சாப்பாடு ருசித்தது.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் பட்டைக்குப் பின்னால் தேங்கி, அடியில் புகுந்து அரித்தது. மத்தியானத்துக்குள் மேல் வரிசை பிடுங்கிக்கொண்டு வந்து அடுத்ததையும் சாய்த்தது. எலுமிச்சை மரம் பாதி படுத்துவிட்டது. மண் மொத்தமும் வேலிக்கடியில் வழிந்து கீழ்வீட்டுக்குப் போக, அங்கே அந்தத் துருப்பட்டைகள் அதைச் சிந்தாமல் பிடித்து வைத்துக்கொண்டன.

மழை விட்டதும் சகலை தள்ளுவண்டி நிறைய மண்ணோடு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"உங்க மண்ணுதாண்ணே. இன்னும் நாலு வண்டி இருக்கு. வேர் காயறதுக்குள்ள மரத்தை நிமிர்த்திடலாம், ஒரு கை பிடிங்க."

அவன் நக்கலாகச் சிரித்திருந்தால் திருப்பிக் கொடுக்க வெல்டரிடம் நாலு வார்த்தை தயாராக இருந்தது. அவன் சிரிக்கவே இல்லை. இருவருமாக மரத்தை நிமிர்த்தினார்கள். வேருக்கு மண் அணைத்தபடியே மனைவி, "தம்பிக்கு எவ்வளவு நல்ல மனசு, பாத்தீங்களா?" என்றாள்.

வெல்டர் மரத்தைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வேலையில் இவனை ஜெயித்துவிடலாம், அடுத்த தடவை ஆழமாகப் பதித்தால் தீர்ந்தது. ஆனால் இந்தப் பாவி நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.