நட்சத்திரம் தெரிய ஒரு கூரை

எங்கள் மாமல்லபுரம் லாட்ஜில் தங்கியிருக்கும் மிரியம் அம்மா யூதர். குடிசையில் உட்கார்ந்து சாப்பிடும் தங்கள் பண்டிகைக்காக மொட்டைமாடியில் ஓலைக் குடிசை கேட்டார். கூரை வேயும் வேலு அண்ணன் கீற்றை நெருக்கிக் கட்டி, "ஒரு சொட்டு எறங்காதும்மா" என்றார்.

இன்று அதை, தன் ஊர் யூத ஆலயம் பெரியவர்களுக்கு நடத்தும் ஆன்லைன் வகுப்பில் மிரியம் அம்மா காட்டினார். கூரை வழியே நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். கீற்றை இடைவெளி விட்டுப் பிரிக்கச் சொல்லிவிட்டார் ஆசிரியை.

நான் போய்ச் சொன்னதும் வேலு அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "மழ வர்ற நேரத்துல பிரிக்க சொல்றியே, இன்னாம்மா நீ?"

"பிரிங்கண்ணே. பண்டிகை அவங்களுது."

சாயங்காலம் அவர் குடிசையில் சாப்பிடும்போது ரசத்திலேயே மழை விழுந்தது. மிரியம் அம்மா நிதானமாகத் தட்டோடு கீழே வந்தார். சாப்பாட்டில் மழை விழுந்தால் உள்ளே போகலாம் என்பதும் விதியாம்.

"வெவரமான சாமிதாம்மா" என்றார் வேலு அண்ணன்.

நம் தீபாவளி மழைக்கு என்ன விதி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.