பலகையில் மூடிவைத்த சொல்

முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். மிக்ஸி வந்தாலும் சரி, டேபிள் ஃபேன் வந்தாலும் சரி, கொண்டுவந்தவர் சொல்லும் கதையைக் காதில் வாங்காமல் அதை ஓடவிட்டு, முதுகில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "ம்… சூடு ஏறுது. மூச்சுவிட முடியலை, பாவம்" என்பார். பாவம் என்பது இயந்திரத்துக்குத்தான். கொண்டுவந்தவருக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு: "எத்தனை நாளா இதைப் போட்டு இப்படிக் கொன்னுக்கிட்டு இருக்கீங்க?"

என் அண்ணி. அண்ணனின் மனைவி. எங்கள் வீட்டின் முன்னறைதான் அவர் பட்டறை. ஜன்னல் விளிம்பு முழுக்க டப்பா மூடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரகத் திருகாணி. மூக்குக்கண்ணாடிக்கு ஒரு காது கிடையாது. அந்த இடத்தில் சிவப்பு ஒயரை வளைத்துக் கட்டியிருக்கிறார். கழற்றிய திருகாணிகளை உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொண்டு, மிச்சமிருக்கும் வாயோரத்தால் பேசுவார். அந்த ஓரமே ஊருக்குப் போதும்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்றே ஒன்று. எதற்கும் தான் புதிது என்று ஒப்புக்கொள்ள மாட்டார். முதன்முதலில் நகரும் படிக்கட்டில் ஏறியபோது என் சட்டையைக் கிழிகிற மாதிரி பிடித்துக்கொண்டே, "இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்" என்றவர். அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். வாயும் பஸ் மாதிரிதான், பிரேக் கிடையாது. "கல்யாணத்தன்னிக்குப் பக்கத்துல உக்காந்து, கூச்சமா இருக்கான்னு கேட்டேன். இதெல்லாம் பழக்கம்தான்னு சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

வாசலில் ஒரு பலகை. மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி என்று சிவப்பு எழுத்தில் மூன்று வரி. நான்காவது வரியின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். அதற்கடியில் 'கம்ப்யூட்டர்' என்று எழுதியிருப்பது தெருவுக்கே தெரியும். பலகை எழுத வந்தவரிடம் நான்கையும் சேர்த்தே எழுதச் சொல்லிவிட்டார். "அவர் திரும்பத் திரும்ப வருவாரா? எழுதிடட்டும். முதல் கம்ப்யூட்டரைச் சரிபண்ணினதும் பேப்பரைக் கிழிச்சுக்கலாம்."

கம்ப்யூட்டர்தான் வரவில்லை. மழையில் காகிதம் ஊறிக் கிழிந்தால் புதிதாக ஒன்றை ஒட்டுவார். "அக்கா, உள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று போகிறவர்கள் கேலி செய்வார்கள். "பேப்பருக்கும் வயசாகுது, எனக்கும் வயசாகுது" என்பான் அண்ணன். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். யாரும் இல்லாத நேரத்தில், காற்றில் எழும்பிய காகித ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டிருப்பார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வீட்டு வரைபடம் போடுகிறவன். பின்னறையில் என் கம்ப்யூட்டர். கொஞ்ச நாளாகவே, போட்டதும் கரகரவென்று தொண்டையைச் செருமும், அப்புறம் அடங்கிவிடும். பிறகு அடங்காமல் போயிற்று. கடைசியில் ஒரு மாடிப்படியைப் பாதி வரைந்திருக்கும்போது பொசுக்கென்று அணைந்தது. பெரிய தெருவின் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்து, "பவர் சப்ளை போகுது சார். எல்லாமே பழசு. புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பிழைப்பே அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அண்ணி பின்னறைக்கு வந்தார். போடச் சொன்னார். முதுகில் கையை வைத்தார்.

"பவர் சப்ளை நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுக்குள்ள இருக்கிற ஃபேன்தான் சாகுது. மேலே தொங்கினா என்ன, டப்பாக்குள்ள உக்காந்தா என்ன, ஃபேன் ஃபேன்தானே?"

"அண்ணி, கம்ப்யூட்டர் உங்களுக்கு…"

"பழக்கம்தான்."

யாருக்கு அண்ணி காது குத்துறீங்க என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் இன்னும் கிழிக்காத அந்தக் காகிதம் நினைவுக்கு வந்ததுதான் காரணம்.

ஒயரைப் பிடுங்கி, பவர் சப்ளைப் பெட்டியைத் தனியாகக் கழற்றி, மறுநாள் வரை தொடவே இல்லை. "கரண்ட்டைப் பிடுங்கினாலும் உள்ளே கொஞ்சம் குடியிருக்கும். அந்தக் குடித்தனம் காலி பண்ற வரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது" என்று அண்ணனையும் சேர்த்து மிரட்டி வைத்தார். மறுநாள் காலையில் திறந்தால், உள்ளே தூசி போர்வை போர்த்திப் படுத்திருந்தது. அதைத் தூரிகையால் தள்ளி ஒரு செய்தித்தாளில் சேர்த்தார். பழைய ஃபேனை விரலால் சுற்றினார். அரைச் சுற்றில் உரசி நின்றது. "பாத்தியா? இதுக்குப் போயி பெட்டியையே தூக்கிப் போடச் சொல்றாங்க" என்று அண்ணனிடம் வாயோரத்தால் பெருமை பேசிக்கொண்டே அதைக் கழற்றி ஓரமாக வீசினார். அதே அளவில் வாங்கிவந்த புதியதை வைத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று ஈயம் வைத்துப் பற்றவைத்து மூடினார். அந்தப் பற்றவைப்பை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு துப்புரவு.

பெட்டியைத் திரும்பப் பொருத்தி கம்ப்யூட்டரைப் போட்டோம். சத்தமே இல்லை. பக்கவாட்டு மூடி திறந்திருந்தது. ஃபேனுக்குக் கீழே கையை நீட்டினார். "காத்து சும்மா அள்ளுது!"

அண்ணன் வாசலில் ஸ்டூலைப் போட்டுவிட்டான். பக்கத்து வீட்டம்மா வாசலுக்கே வந்து நின்றார். அண்ணி ஏறி, காகிதத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். பிறகு நின்றார்.

"இரு. முதுகைப் பாக்கலை."

இறங்கி உள்ளே வந்தார். பின்பக்க வலையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். வைத்தபடியே இருந்தார். முகம் சுருங்கியது.

"ஆஃப் பண்ணு தம்பி."

"ஏன் அண்ணி? சத்தமே இல்லையே?"

"சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை." சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "சே! டேபிள் ஃபேன் புத்தி! காத்து நம்ம பக்கம் வரணும்னு நெனச்சு மாட்டியிருக்கேன். இது அப்படி இல்லை. கீழே இருக்கிற காத்தை உள்ளே இழுத்து, சூட்டை முதுகு வழியா வெளியே தள்ளணும். நான் தலைகீழா மாட்டிட்டேன்."

"ஓடுதுல்ல, விடேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் அண்ணன். ஸ்டூல் போட்டவனுக்கு அவசரம்.

"ஓடும். கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் தம்பி வரைஞ்ச வீடெல்லாம் உள்ளேயே வெந்துபோகும்."

மறுபடியும் பெட்டி வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே குடியிருப்பது காலியாகும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டூல் பலகைக்குக் கீழே அப்படியே கிடந்தது. "என்னம்மா, ஏறிட்டு இறங்கிட்டே?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். அண்ணி குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "தப்பா மாட்டிட்டேங்க. திருப்பி மாட்டணும்."

நகரும் படிக்கட்டுக்கே புதிது என்று ஒப்புக்கொள்ளாத பெண்மணி, ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டப்போகும் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவாசலில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் அண்ணி என்று தெருவில் போகிற ஒருவரை நிறுத்திச் சொல்லலாம் போல இருந்தது.

பொழுது சாயும்போது திறந்தார். ஃபேனின் ஓரத்தில் குட்டியாக ஓர் அம்புக்குறி இருந்தது, காற்று போகும் திசைக்கு. "வழி போட்டே வெச்சிருக்காங்க. நான்தான் வாய் பேசிக்கிட்டே பாக்காம விட்டுட்டேன்." இந்த முறை வாயே திறக்கவில்லை. திருப்பி வைத்து, முடுக்கி, பொருத்தி, தலையசைத்தார். நான் போட்டேன்.

கையை வைத்தார். கண்ணை மூடினார். பிறகு அண்ணனின் கையை இழுத்து அதே இடத்தில் வைத்தார். அவனுக்கும் இளஞ்சூடாகக் காற்று அடித்திருக்க வேண்டும். ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தான். "மூச்சு விடுதுடி" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அவனே போய் ஸ்டூலை ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

அண்ணி ஏறி ஒரே இழுப்பாகக் கிழித்தார். மற்ற மூன்று வரிகளும் வெயிலில் வெளுத்துக் கிடக்க, வெயிலே படாத 'கம்ப்யூட்டர்' மட்டும் நேற்று எழுதியதுபோலச் செக்கச்செவேலென்று மின்னியது. நான் கைதட்டினேன். அண்ணி தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை.

இறங்கி உள்ளே போனார். பழைய ஃபேனின் தூசியைச் சேர்த்துவைத்திருந்த செய்தித்தாளோடு வந்து மறுபடி ஏறினார். தூசியை விரலால் தொட்டுத் தொட்டு, பக்கத்து வரிகளைப் பார்த்துப் பார்த்து, அந்தப் புதுச் சிவப்பு மங்கும்வரை எழுத்து எழுத்தாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.