பூ வைக்காத கேக்

மே 17, சனிக்கிழமை. காலையில் கீரமங்கலம் கடைவீதியில் காய்கறி வாங்கினேன். பிற்பகலில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். மாலையில் மகள் சின்னச் சின்னக் கேக்குகளின் மேல் கிரீமைப் பிழிந்து ரோஜாப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் வெனிலா மணம். ஒரு கேக் மட்டும் மொட்டையாக இருந்தது.

"அது ஒந் தங்கச்சிக்கு. புருசன் போனவளுக்குப் பூ எதுக்குடா?" என்றார் அம்மா.

எனக்கு எட்டு வயதிருக்கும்போதும் இதே மணம்தான். விதவையான சித்தியின் கேக் துண்டிலிருந்த கிரீம் பூவை அப்பா கரண்டியால் வழித்து எறிந்தார். மிஞ்சிய ரோஸ் கறையைப் பார்த்துக்கொண்டே சித்தி தின்றாள்.

"சீனியும் வெண்ணெயும்தாம்மா அது! அதைத் தின்னவுமா தாலி வேணும்?" என்று கத்தினேன். உள்ளறையில் தங்கை கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை, பல் துலக்கும் முன்பே, அந்தக் கேக்கின் மேல் நானே ஒரு ரோஜாவைப் பிழிந்து தங்கையிடம் நீட்டினேன்.

"என்னண்ணே இது, முட்டைக்கோசா?" என்றவள், அம்மா பார்க்கப் பார்க்கப் பூவைத்தான் முதலில் தின்றாள்.