கொழும்புக்கு ஒரு போர்வை

இப்படித்தான் நடக்கும் என்று எனக்கு முதலே தெரியும். கம்பளி நூல் தீரும், பதுளைக்குப் போக வேண்டிவரும், கடையில் என் போர்வையை அதிசயமாகப் பார்ப்பார்கள். எல்லாம் அப்படியே நடந்தது.

மடுல்சீமையில் குரோஷா ஊசி பிடித்த ஒரே ஆம்பளை நான்தான். போனில் வீடியோ பார்த்து ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டேன். வீட்டில் பேச்சுக்கு ஆள் இல்லாததால் பின்னல் வேகமாக ஓடுகிறது.

நிறம் பொருத்திப் பார்க்கப் போர்வையையே கொண்டுபோயிருந்தேன். கடைக்கார நானா அதை மேசையில் விரித்தார்.

"இதென்ன அண்ணே, தொடக்கத்துல ஒடுக்கமா இருக்கு, போகப் போக அகலமாகுது? ஓரத்துல கண்ணி கூடிக்கிட்டே போயிருக்கு."

"அது டிசைன் நானா. கால் பக்கம் ஒடுக்கம், தோள் பக்கம் அகலம்."

"சரி, யாருக்கு இது?"

"கொழும்புல இருக்கிற மகளுக்கு. 'அப்பா, உங்க கையால ஒரு போர்வை வேணும்'னு போன்ல கேட்டுச்சு."

நானா சிரித்தார். "கொழும்புல பேன் போட்டே தூங்க முடியல. அங்க போர்வை எதுக்கு?"

"மருமகன் ஏசி போட்டு வச்சிருக்காரு. வீடே நுவரெலியா மாதிரி குளிருது."

நானா நூலைச் சுற்றித் தந்தார். "மக வந்தா கடைக்குக் கூட்டிட்டு வாங்க."

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். மகள் போர்வை கேட்கவில்லை. அது நான் சேர்த்துக்கொண்டது. இங்கே வந்தால் அவளுக்குக் குளிருமே என்றுதான் பின்னுகிறேன்.

கொழும்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள், அங்கே யாருக்குமே லீவு தருவதில்லையா?